சத்தம் வராத கேமரா

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சீட்டு விழுந்துவிட்டது. இந்த டைரியில் நல்ல செய்தி எழுதுவது இதுவே முதல் தடவை. கையெழுத்து கோணலாக வருவதற்கு அதுதான் காரணம்.

பணம் ஒரே ஒரு கேமராவுக்குத்தான் காணும். தை பிறந்ததும் கலைமதி ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து, தனியாகக் கல்யாண ஆர்டர் பிடிக்கப்போகிறேன். அதற்குச் சொந்தக் கேமரா வேண்டும். தப்பானதை வாங்கித் தொலைத்தால் அடுத்த சீட்டு கட்டி முடிப்பதற்குள் எனக்கு நரைத்துவிடும்.

இரண்டு வரன் வந்திருக்கிறது. ஒன்று, மதுரையில் ஒருவர் விற்கிற ஃபுல் ஃப்ரேம் டி.எஸ்.எல்.ஆர். பழசு, ஆனால் சொத்தை இல்லை. லென்ஸோடு தூக்கினால் ஒரு கைக்குழந்தை கனம். இன்னொன்று புதிய மிரர்லெஸ். சின்னது. டிபன் பாக்ஸ் பையில் வைத்து எடுத்துப் போகலாம்.

எங்கள் ஸ்டூடியோவில் வீடியோ எடுக்கிற ரஃபீக்கிடம் யோசனை கேட்டேன். "பொண்ணு பாத்துட்டு வந்து போட்டோவ வச்சு முடிவு பண்ணுவியா? ரெண்டையும் வாடகைக்கு எடுத்து ஆளுக்கொரு கல்யாணம் ஓட்டிப் பாரு. எங்க மச்சான் கடையில சொல்லி வைக்கிறேன்" என்றான். அவன் மச்சான்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கேமரா ஒப்பிடுகிற வீடியோக்களைப் பார்த்தே கண் எரிகிறது. எல்லோரும் பனிமலையில் நின்று பேசுகிறார்கள். நான் எடுக்கப்போவது பந்தியில் ரசம் ஊற்றுகிறவருக்கும் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாத தாய்மாமனுக்கும் நடுவில். அங்கே எது நல்ல கேமரா என்று ஒருவரும் சொல்வதாக இல்லை.

ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு வரவில்லை. கேஸ் புக் செய்தாயிற்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

முதல் வரனோடு முதல் கல்யாணம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பெரிய கேமரா தோளில் தொங்கினால் மண்டபமே வழி விடுகிறது. போன மாதம் வரை என்னைப் பார்த்து, "ஏம்மா, நாலு தண்ணி பாட்டில் எடுத்தா" என்று விரல் சொடுக்கிய வேட்டிகள் இன்று "மேடம், இப்பிடி நிக்கலாமா?" என்று கேட்கின்றன. அதே நான், அதே சுடிதார். மரியாதை எனக்கில்லை, லென்ஸின் நீளத்துக்கு.

படமும் அருமை. மஞ்சள் வெளிச்சத்திலும் முகம் முகமாக வருகிறது. ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே இருக்கிற கண்ணாடி எழும்பி விழுகிறது. டடக்! பழைய பீரோவைச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். எனக்குப் பிடித்திருந்தது.

எனக்குப் பிடிக்காதது ஒன்றும் நடந்தது. எழுதி வைக்கிறேன்.

வரவேற்பு மேடையில் வரிசையாக வந்து கவர் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அவர்கள் எல்லோரையும் நாங்கள் எடுப்பதில்லை. மேடைக்குக் கீழே வீட்டுக்காரர் ஒருவர் எங்கள் பக்கத்தில் நிற்பார். வருகிறவர் வேண்டியவர் என்றால் சும்மா இருப்பார். வேண்டாதவர் என்றால் ஒரு சைகை. உடனே எங்கள் முதலாளி தனுஷ்கோடி அண்ணன், கேமராவில் விரலை வைக்காமல் ஃப்ளாஷை மட்டும் தட்டிவிடுவார். வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். படம் விழாது. வந்தவர் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். இதற்கு டம்மி ஃப்ளாஷ் என்று பெயர்.

ஃபிலிம் காலத்தில் ரோல் மிச்சம் பிடிக்க ஆரம்பித்ததாம். இப்போது ஒரு கார்டில் ஊரையே எடுக்கலாம். ஆனாலும் டம்மி நிற்கவில்லை. கார்டில் இடம் இருக்கிறது. ஆல்பத்தில்தான் இல்லை. யாருக்கு இல்லை? டிரைவருக்கு, தோட்டக்காரருக்கு, பூக்கட்டுகிற அக்காவுக்கு, ஊருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு. இன்று டம்மி வாங்கியவர்களில் ஒருவர்கூடக் காரில் வந்திறங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ரஃபீக் சிரிப்பான்: "போன வருசம் ஒருத்தரு கசங்குன சட்டையோட வந்தாரு, அண்ணன் டம்மிய போட்டுட்டாரு. கடைசியில பாத்தா மாப்பிள்ளையோட பெரியப்பா, மலேசியாவுல ஓட்டல் வச்சிருக்கவரு. தலைய மட்டும் வெட்டி இன்னொரு படத்துல ஒட்டுனோம். ஆல்பத்துல அவருக்குப் பக்கத்து ஆளோட கை. ரெண்டு வாட்ச்!"

நானும் சிரித்தேன். மெயின் கேமரா இன்னும் என் கைக்கு வரவில்லை. வந்தால் டம்மி போட மாட்டேன். கையெழுத்து: நிரோஷா.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கழுத்து திரும்பவில்லை. அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். தைலத்தையும் தாண்டிப் பாத்திரம் விளக்கும் சோப்பு வாசம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டாம் வரன் வீட்டுக்கு வந்தது. பூ மாதிரி இருக்கிறது.

கையில் வைத்துக்கொண்டு பேகம்பூர் வரை நடந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பிரியாணிக் கடை அடுப்பு, சலூனில் தூங்குகிறவர், போலீஸ்காரர் ஓசிப் பழம் எடுக்கிற கை, எல்லாம் கிடைத்தது. இதில் கண்ணாடி கிடையாது. ஒரு பட்டனைத் தட்டினால் சத்தமும் கிடையாது. எடுப்பது எடுக்கப்படுகிறவருக்கே தெரியாது. இந்த ஊரை உள்ளபடி காட்ட இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

ஏறத்தாழ முடிவு செய்துவிட்டேன். சின்னதுதான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஸ்டூடியோவுக்குப் பெரிய ஆர்டர். நூல் மில் வைத்திருக்கிற ராமலிங்கம் வீட்டுக் கல்யாணம். வியாழன் மாலை வரவேற்பு, வெள்ளி காலை முகூர்த்தம். அண்ணன் குதிக்கிறார். "நீ சின்னக் கேமராவ வச்சுக்கிட்டு சைடுல நில்லு. சத்தம் காட்டாம சிரிப்பு, அழுகை எல்லாத்தையும் அள்ளு" என்றார்.

பிறகு டீ குடிக்கும்போது சும்மா கேட்டார்: "ஆமா, உங்கம்மா என்ன பண்றாங்க?"

"வீட்டுலதாண்ணே."

பொய் இல்லை. வீட்டில்தான் வேலை. யார் வீட்டில் என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அம்மா பீரோவிலிருந்து ஊதாப் பட்டுச் சேலையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். மில்காரர் வீட்டுப் பத்திரிகை மேசை மேல் இருக்கிறது. எல்லாருக்கும் கொடுத்து முடித்து மீந்ததில் ஒன்று. உறையில் பெயர் எழுதவில்லை. அந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக அடுப்படி கழுவுகிறவள் பெயரை எழுத ஒரு பேனா கிடைக்கவில்லை.

நான் கத்தினேன். அம்மா சேலையை உதறிக்கொண்டே, "அவங்களுக்கு ஆயிரம் சோலி. இவ ஒருத்தி" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள்: "அந்தக் கல்யாணப் பொண்ணு நடக்கப் பழகுனதே எங்கையப் புடிச்சுத்தான். ஒரு படம் சேந்து எடுத்துக்கணும்னு ஆச. நீதான அங்க எடுக்கப்போற?"

"ஆமா."

"அப்பச் சரி" என்றாள். சேலையைத் திருப்பிப் போட்டாள். "நீ எம்மகளுன்னு அங்க நான் யார்ட்டயும் சொல்லல. உன்னோட வேலை பாக்குறவுக முன்னால ஒனக்குச் சங்கட்டமா இருக்கும்."

எனக்கு என்ன சங்கடம்? சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான். இதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்திருக்கும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வரவேற்பு.

மேடை முழுக்க எல்.இ.டி. சுவர். அதில் மேகம் ஓடுகிறது, மயில் பறக்கிறது. கீழே சைகை செய்ய நின்றவர் பெண்ணின் தாய்மாமன், ரத்தினவேல். சட்டைப் பையில் தங்க நிறப் பேனா. பேனாவைத் தொட்டால் டம்மி. அவருக்கு எழுதுகிற வேலை இருந்ததாகத் தெரியவில்லை. தொடுகிற வேலைதான்.

நான் பக்கவாட்டில் சின்னக் கேமராவோடு. வரவேற்பு முழுக்க எனக்குக் கொண்டாட்டம். அவர் பேனாவைத் தொட, அண்ணன் வெறும் வெளிச்சம் அடிக்க, நான் சத்தமில்லாமல் நிஜப் படம் எடுத்தேன். மில் வாட்ச்மேன், அவர் மனைவி, தையல்காரர், எல்லோரையும். யாருக்கும் தெரியாது. உள்ளுக்குள் சிரிப்பு. புரட்சி என்பது இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

பெரிய ஆட்கள் எல்லாம் சாப்பிடப் போன பிறகு, பாட்டுக் கச்சேரிக்காரர்களும் இலைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டு வேலை ஆட்களை மேடையேற்றினார்கள். மண்டபம் அமைதியாக இருந்தது. அம்மா வந்தாள். ஊதாப் பட்டு. கையில் கவர். அதற்குள் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

கல்யாணப் பெண் நன்றாகத்தான் சிரித்தாள். "பேச்சிம்மா, வா வா" என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அம்மா முந்தானையைச் சரிசெய்து நேராகப் பார்த்தாள்.

ரத்தினவேல் பேனாவைத் தொட்டார்.

அண்ணன் வெளிச்சம் அடித்தார்.

நான் எடுத்தேன். அடுத்தடுத்து எடுத்தேன். பத்துப் படமாவது இருக்கும். அம்மா ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என் கேமரா கண்ணில்தான் இருந்தது. பிறகு இறங்கிப் போய்விட்டாள். சாப்பிட்டாளா என்று தெரியவில்லை.

ஆனால் எடுத்துவிட்டேன். அதுதானே முக்கியம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முகூர்த்தம். நல்லபடியாக முடிந்தது. அம்மா மண்டப அடுப்படியில் இருந்தாள், நான் மேடையில் இருந்தேன். வீட்டுக்கு வந்தும் பேச்சில்லை. கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று கேட்டேவிட்டேன். "ஏம்மா உம்முனு இருக்க?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு."

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "எத்தன கல்யாணத்துல ஏறியிருக்கேன். வெளிச்சம் அடிக்கும், டடக்குனு சத்தம் வராது. எனக்குத் தெரியாதா? எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான். பழகிப்போச்சு. நீயும் அடிச்சதுதான்..."

"நான் எடுத்தேம்மா!"

"சத்தம் வரலியே."

ஓடிப்போய்ப் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். பின்னால் எல்.இ.டி. மயில் மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. சத்தமில்லாமல் எடுத்தால் சில விளக்குகளில் இந்தக் கேமரா அப்படிக் கோடு போடும். அம்மாவுக்கு அது தெரியவில்லை. முகத்தையே பார்த்தாள். நானும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். முதல் படத்தில் அம்மா சிரிக்கிறாள், ஆனால் என்னைப் பார்த்து இல்லை. டம்மியைப் பார்த்து. கடைசிப் படத்தில் என்னைப் பார்க்கிறாள். அதில் சிரிப்பு இல்லை.

"இதுல சத்தம் வராதும்மா. அந்த மாதிரி கேமரா."

"சத்தம் வராம எதுக்கு எடுக்கணும்?"

"யாருக்கும் தெரியாம எடுக்கலாம்ல."

"யாருக்குத் தெரியக் கூடாது?"

அம்மா கீரைக் காம்பைத் தட்டில் போட்டுவிட்டு மெதுவாகச் சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை. "நெசமா எடுக்குறவுகளுக்கு இன்னொரு அடையாளமும் இருக்குடி. 'கண்ண மூடிட்டீங்க, இன்னொண்ணு எடுக்கலாம்'னு சொல்லுவாக. எங்களுக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. நாங்கல்லாம் கண்ணே மூடாத சாதி போல."

செப்டம்பர் 1, திங்கள்

"அண்ணே, அது எங்கம்மா, எடுங்க." சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இப்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒரு மூச்சு.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாவு அரைத்தேன். எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ரஃபீக்கிடம் சொன்னேன், பெரியதையே வாங்கப்போகிறேன் என்று. டீ அவன் மூக்கில் ஏறியது.

"லூசா நீ? போன வாரம் அந்தச் சின்னதக் கொஞ்சிக்கிட்டு திரிஞ்ச. அது கழுதக் கனம். இனிமே அதுக்குப் புது லென்ஸே வராது. உலகமே மிரர்லெஸ்ஸுக்குப் போவுது, நீ ரிவர்ஸ்ல போற."

"அதுல சத்தம் வருது."

"அட, இதுலயும் வரும் தாயி! மெனுவுக்குள்ள போயி ஆன் பண்ணு. டடக், படக், எது வேணுமோ அது."

"ஆன் பண்ணலாம்ல? அப்ப ஆஃப்பும் பண்ணலாம்."

"சரி, பண்ணாத."

"பண்ணுவேன்டா" என்றேன். "என்னைய எனக்குத் தெரியும். பேனாவ ஒருத்தன் தொட்டா நான் ஆஃப் பண்ணிருவேன்."

ரஃபீக் என்னை ஒரு மாதிரி பார்த்தான். மில்காரர் வீட்டில் யார் மேடையேறினார் என்று அப்போது அவனுக்குச் சொன்னேன். இத்தனை நாளில் ஸ்டூடியோ ஆள் ஒருவரிடம் சொல்வது இதுவே முதல் தடவை. அவன் ஜோக் அடிக்கவில்லை. "அந்த ஊதாச் சேலையா?" என்றான். "எங்கிட்ட வீடியோவுல இருக்காங்க. வீடியோவுக்கு டம்மி கெடையாதுல்ல." பிறகு இரண்டாவது டீக்கு அவனே காசு கொடுத்தான். இதையும் குறித்து வைக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மதுரை போய் வாங்கிவிட்டேன். விற்றவர் கண் கலங்கவெல்லாம் இல்லை. இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், நைந்துபோன பட்டை. "கனமா இருக்கேன்னு யோசிக்காதம்மா" என்றார். "யோசிச்சுட்டுத்தான் வாங்குறேன் சார்" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். எனக்கு இடம் தராத ஒருவர், "கேமரா பைய இங்க குடுங்க மேடம், மடியில வச்சுக்கிறேன்" என்றார். இந்த நாட்டில் அடுத்த பிறவியில் லென்ஸாகப் பிறக்க வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தனுஷ்கோடி அண்ணனை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை வந்தேன். கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தியதும் கேட்டார்: "உங்கம்மா வீட்டுலதான் இருக்காங்கன்னு சொன்ன?"

"வீட்டுலதாண்ணே. அந்த வீட்டுல."

"அன்னைக்கு மேடையில..." என்று ஆரம்பித்தார். சரக்கு ரயில் வந்தது. நீளமான ரயில். அது போய் முடிந்த பிறகும் அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

நடந்தது இதுதான். மில்காரர் வீட்டில் இன்று பெண்ணுக்குத் தாலி பெருக்கிப் போடுகிற விசேஷம். வீட்டோடு, நெருங்கிய சொந்தம் மட்டும். அண்ணனுக்கு முதுகுப் பிடிப்பு, வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டார், அதனால் மெயின் கேமரா நான். என்னுடையது. மஞ்சள், பூ, புதுத் தாலிக்கயிறு, எல்லாம் டடக் டடக் என்று நடந்தது. ரத்தினவேல் பேனாவோடு நாற்காலியில் இருந்தார்.

எல்லோரும் எடுத்து முடித்தாயிற்று. அம்மா அடுப்படி வாசலில் காபித் தட்டோடு நின்றிருந்தாள். வேலைக்கு உடுத்துகிற வாயில் சேலை, இடுப்பில் செருகியபடி. என்னைப் பார்த்தாள், தெரியாதவள் போலப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உதவி செய்கிறாளாம்.

கேமராவைக் கீழே இறக்கினேன். கேமரா கனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"அம்மா, தட்ட வச்சிட்டு வா. இங்க வந்து நில்லு" என்றேன்.

கூடம் திரும்பிப் பார்த்தது. ரத்தினவேல், "யாரக் கூப்பிடுற? அது வேலை செய்யிற..." என்றார்.

"எங்கம்மாங்க."

அவர் கை பேனாவுக்குப் போனது. பழக்கம்தான், வேறென்ன. போன கை அங்கேயே நின்றது.

நல்லவேளை, கல்யாணப் பெண் எழுந்துவிட்டாள். "நிஜமாவா? பேச்சிம்மா, சொல்லவே இல்ல!" என்று அம்மாவை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். வீட்டுக்கார அம்மாள் முகத்தில் காபி ஆறிப்போன மாதிரி ஒரு பாவனை. நாளைக்கு இதற்கு அம்மா என்ன பேச்சு வாங்குவாளோ தெரியாது. வாங்கினால் அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். அம்மா கேட்க மாட்டாள். அது வேறு சண்டை.

அம்மா இடுப்பிலிருந்து சேலையை எடுத்துவிட்டாள். ஈரக் கையைத் துடைத்தாள். நேராக என்னைப் பார்த்தாள். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, காதைக் கேமரா பக்கம் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

டடக்!

அந்தக் கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கேட்டது.

திரையில் பார்த்தேன். சுத்தமாக விழுந்திருந்தது. கண், சிரிப்பு, காதோரம் ஒட்டியிருந்த மஞ்சள் எல்லாம் சரி. அதற்கு மேல் எடுக்க ஒன்றுமே இல்லை.

"ம்மா, கண்ண மூடிட்ட. இன்னொண்ணு எடுக்கலாம்."

"நான் எங்கடி மூடுனேன்?"

"மூடுன. நேராப் பாரு."